துரத்தப்படாத ஆதாம்

செய்தியைக் கொண்டுவந்தவர் மீராசாகிபு நானா. முல்லைத்தீவுக்குக் கிட்டத் தண்ணீரூற்று என்ற ஊரில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவர். மாதத்தில் இரண்டு தடவை சரக்கோடு வவுனியாவுக்கு வருவார். வந்தால் நான் கிளாக்கராக இருக்கும் கந்தோர் வாசலில் நின்று ஊர்ப் புதினம் சொல்லாமல் போகமாட்டார். அன்று வாசலில் நிற்காமல் நேரே உள்ளே வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"சவிரிமுத்து மௌத்தாப் போயிட்டார் தம்பி. காலமை வலை இழுத்துக்கொண்டு நிண்டவராம். கயித்தைப் பிடிச்சபடியே விழுந்திட்டார். நாளைக்குப் பின்னேரம் அடக்கம்" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று உடனே எனக்குப் பிடிபடவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த மனிதரைச் சவிரிமுத்து என்று கூப்பிட்டவர் இந்த நானா ஒருவர்தான். கடற்கரையில் மற்ற எல்லோருக்கும், எனக்கும், அவர் ஆதாம்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அறியாதவர் யாராவது வாசித்தால் விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். முல்லைத்தீவுக்குத் தெற்கே கடலோரம் எங்கள் ஊர். கோயில் திருவிழாவன்று ஆண்டவர் முதல் மனிதனைப் படைத்த கதையைக் கூத்தாக ஆடுவோம். அதில் ஆதாமாக ஆடியவர் சவிரிமுத்து. பெண்கள் கூத்துக் களரியில் ஏறாத காலம் அது. எனக்கு மெலிந்த உடம்பு, கீச்சுக் குரல். ஆகவே ஆறு வருஷம் நான் அவருக்கு ஏவாள். சேலை கட்டுவதில் எனக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை, மீசையை மழிப்பதுதான் கவலை.

அவர் விரும்பி ஏற்ற வேஷமில்லை அது. ஏழு வயதில் அவருக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. தாயார் கோயில் வாசலில் முழங்காலில் நின்று, பிள்ளை பிழைத்தால் வளர்ந்தபின் உடம்பில் வலு உள்ள மட்டும் ஆதாமாக ஆடுவான் என்று நேர்ந்துகொண்டார். ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று ஒரு கணக்குச் சொல்லியிருக்கலாம். பிள்ளை பாயில் கிடந்து அனத்தும்போது எந்தத் தாய்க்குப் பேரம் பேச வரும்? பிள்ளை பிழைத்தது, தாய் சில வருஷத்தில் போய்விட்டார். முடிச்சுப் போட்டவரே போன பிறகு அதை அவிழ்க்க ஊரில் ஆளில்லாமல் போயிற்று.

ஊரையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு வருஷம் அவருக்கு அம்மை கண்டு கூத்து நின்றது. அந்த மார்கழியில் புயல் மூன்று வள்ளங்களைக் கொண்டுபோயிற்று. போனவர்களில் ஒருவன் எங்கள் அண்ணாவியாரின் மூத்த மகன். கூத்தைப் பழக்கியவரும் ஆண்டவரின் பாட்டைத் திரைக்குப் பின்னால் நின்று பாடியவரும் அந்த அண்ணாவியார்தான். அதன் பிறகு ஆதாமின் நேர்த்திக்கடன் சவிரிமுத்துவின் சொந்த விஷயமாக இருக்கவில்லை. கடலுக்குப் போகும் ஒவ்வொரு வீட்டின் விஷயமாயிற்று.

வேஷம் கட்டுவதில் ஒரு வேலை எனக்கு உரியது. முதல் மனிதனைப் பெற்ற தாய் இல்லை, ஆகவே அவனுக்குத் தொப்புள் தெரியக் கூடாது என்பது அண்ணாவியாரின் கண்டிப்பு. தோல் நிறத்தில் சாயம் ஏற்றிய ஒரு வட்டச் சீலையைக் கோதுமை மாப் பசை பூசி அவர் வயிற்றில் ஒட்டுவேன். பசை காய்ந்தால் தோலை இழுத்துப் பிடிக்கும். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். "ஆதாமுக்கு என்ன குறை தம்பி. தாயும் இல்லை, நேர்த்தியும் இல்லை" என்பார். ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொன்னார்.

மீராசாகிபு நானா ஒரு நாளும் எங்கள் கூத்தைப் பார்க்க வந்ததில்லை. அவர்களுக்கு ஆதம் ஒரு நபி. நபிமாருடைய பெயரை இன்னொரு மனிதனுக்கு வேஷமாகப் போட்டுக் கூப்பிட அவருக்கு மனம் வராது. சவிரிமுத்து கருவாட்டுச் சாக்கோடு தண்ணீரூற்றுக்குப் போனால் விலை பேசி முடிந்த பிறகும் கடை வாங்குப் பலகையில் வெகுநேரம் இருப்பார். ஏன் மினக்கெடுகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். அங்கே இருந்தால்தான் தன் பெயர் காதில் விழுகிறது என்றார். நான் சிரித்தேன். அது பகிடி இல்லை என்று தெரிய எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது.

மாரியில் கடல் இறங்கவிடாது. அந்த மாதங்களில் அவர் நெடுங்கேணிப் பக்கம் காடு வெட்டவும் நெல் விளைந்தால் அருவி வெட்டவும் கூலிக்குப் போவார். அங்கே ஒரு குளத்தைத் திருத்தி அதன் கீழ் ஆட்களைக் குடியேற்ற அரசாங்கம் ஆயத்தம் செய்துகொண்டிருந்தது. போய் வந்தாரென்றால் மண்ணைப் பற்றித்தான் கதை. எங்கள் மணலில் தென்னை நிற்கும், வேறு எதுவும் நில்லாது. அங்கே குத்திய கம்பு தளிர்க்கிறது என்பார். அவருடைய இரண்டு தமையன்மார் கடலில் போனவர்கள். வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். அலை பெருத்த இரவுகளில் மனைவி திரேசம்மா நித்திரை கொள்வதில்லை.

எங்கள் கூத்தின் கடைசியில் தேவதூதரான சம்மனசானவர் ஆதாமையும் ஏவாளையும் துரத்துவார். மேற்குப் பக்கம் ஓலையால் ஒரு வாசல் கட்டியிருக்கும். துரத்தும்போது ஆதாமின் கையில் ஒரு மண்வெட்டி கொடுக்கப்படும். இனி வியர்வை சிந்தி உழைத்துச் சாப்பிடு என்பது அதன் பொருள். அந்த இடத்தில் சனம் அழும். ஒரு நாள் பழக்கம் முடிந்து அந்த மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு அவர் சொன்னார்: "சாபம் எண்டு சொல்லி ஆண்டவர் குடுத்தது மண்வெட்டியைத்தானே. அந்தச் சாபம் எனக்கு எப்ப தம்பி கிடைக்கும்?"

நான் கொடுத்தேன். இதுவரை ஒருவரிடமும் சொல்லாத விஷயம் இது. அவருக்கு எழுத வராது. காணிக்கு விண்ணப்பம் போடலாம் என்ற எண்ணமே அவருக்கு இருந்ததில்லை, அது நான் சொன்னது. தாளை வாங்கியதும் நான், எழுதியதும் நான். எட்டாம் வகுப்புப் படித்த கெட்டித்தனத்தைக் காட்ட எனக்கு ஒரு சந்தர்ப்பம் தேவைப்பட்டது என்றும் வைத்துக்கொள்ளலாம். நெடுங்கேணியில் அவர் வேலையைக் கண்ட மேற்பார்வைக்கார ஓவசியர் ஒருவர் சாட்சி வைத்தார். காணிக் கச்சேரி என்ற நேர்முக விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், போய்வந்தார், தெரிவானார். மூன்று ஏக்கர் வயல், இரண்டு ஏக்கர் மேட்டுக் காணி. கடிதத்தை நான் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசி என்றார். நாலு தரம் வாசித்தேன்.

இனி ஊரிடம் கேட்க வேண்டும். கூத்துப் பழகும் மூன்று மாதமும் ஆதாமாக ஆடுகிறவர் கோயில் மணி கேட்கும் தூரத்துக்கு வெளியே இரவு தங்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். காணி எடுத்தவரோ காணியிலேயே குடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெர்மிட் போய்விடும். சவிரிமுத்து முதலில் பங்குச் சுவாமியிடம் போனார். தாய் வைத்த நேர்த்தி வளர்ந்த பிள்ளையைக் கட்டாது, நீ தாராளமாகப் போகலாம் என்று சுவாமி ஆசீர்வாதமே கொடுத்தார். கடிதத்தைப் பற்றி மூச்சு விடாமல், காணி கிடைத்தால் போகலாமா என்று அண்ணாவியாரிடமும் சம்மாட்டியாரிடமும் கேட்டார். நாங்கள் இழுக்கும் வலை சம்மாட்டியாருடையது, அரசாங்கத்துக்கு ஊர்த் தலைவரான விதானையார் அவருடைய மச்சான்.

"சுவாமிக்கென்ன. மூண்டு வருஷத்தில மாறிப் போயிடுவார்" என்றார் அண்ணாவியார். "கடலுக்குப் போறது நாங்களெல்லோ." அவர் கோபமாகச் சொல்லவில்லை. மகனைக் கொடுத்த மனிதர் சொன்னார். சவிரிமுத்து கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

காணி பிரிக்கும் நாளை அறிவித்து அடுத்த கடிதம் வந்தது. திருவிழாவுக்கு மறுநாள் காலை எட்டு மணி. குளக்கட்டில் சீட்டுக் குலுக்குவார்கள், வராதவரின் இடம் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போகும். அந்த வருஷக் கூத்தை ஆடாமல் ஓட அவர் சம்மதிக்கவில்லை. ஆடி முடித்து அன்று பின்னேரம் ஆறு மணிக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடித்தால்தான் விடிய அங்கே நிற்கலாம். சுவாமி இராக்கூத்தைத் தடுத்திருந்ததால் எங்கள் கூத்து மத்தியானம் தொடங்கிப் பொழுது சாய முடிந்துவிடும். துரத்தப்பட்டு ஓலை வாசலால் வெளியேறும் ஆதாமும் ஏவாளும் கோயிலைச் சுற்றி வந்து மங்களத்துக்குக் களரியில் நிற்பது வழக்கம். அந்தத் தடவை அவர் சுற்றி வரமாட்டார். நேரே பஸ் றோட்டுக்குப் போவார். மாற்றிப் போட அவருடைய சேட்டையும் சாரத்தையும் கோயிலுக்குப் பின்னால் தாழம்பற்றைக்குள் நான் ஒளித்து வைத்தேன். திரேசம்மாவும் பிள்ளைகளும் சாமான்களோடு மத்தியானமே நானாவின் வண்டியில் தண்ணீரூற்றுக்குப் போய்விட்டார்கள். திட்டம் என்னுடையது. எனக்கு அதில் பெரிய பெருமை.

ஒன்றை மறந்துவிட்டோம். ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் வரும் கட்டத்தில், வேஷக்காரரின் சொந்த மனைவி எழுந்து வந்து ஏவாளின் தலையில் பூச்சரம் சூட்ட வேண்டும். தன் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் இன்னொருத்தி நிற்க அவள் கொடுக்கும் சம்மதம் அது. திரேசம்மா எனக்குப் பூவை வைத்துவிட்டுக் கன்னத்தில் ஒரு கிள்ளும் வைப்பார், சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். பழக்கத்தின்போது பூ கிடையாது, கூத்தன்று மட்டும்தான். ஆறு வருஷம் பூ ஏறிய தலை என்னுடையது. அதற்கு நினைவு வரவில்லை.

அந்தக் கட்டம் வந்தது. சவிரிமுத்து களரி நடுவே பாயில் கண்ணை மூடிக் கிடந்தார். ஆண்டவர் ஆதாமை நித்திரையாக்கிவிட்டார் என்பது கதை. இரண்டு பேர் வெள்ளைச் சீலையைப் பிடிக்க அதற்குப் பின்னால் நான் குந்தியிருந்தேன். அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தி, ஆதாமின் வீட்டுக்காரியை வரச்சொன்னார். ஒருவரும் எழும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்டபோதுதான் எனக்குப் பூவின் நினைவு வந்தது. யாரோ வீட்டுக்கு ஓடினார்கள். படலை கட்டிக் கிடக்கிறது, குசினியில் பானை சட்டி இல்லை, கோழிகளையும் காணவில்லை என்று திரும்பி வந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்கள்.

அவர் அசையவில்லை. எழும்பி ஓட முடியாது. படுத்திருப்பது ஆதாம், எழுப்பவேண்டியது ஆண்டவர். ஊர் முழுதும் சுற்றி நின்று தன்னைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க, அவர் நித்திரை போலக் கிடந்தார். ஒட்டிய சீலைக்குக் கீழே வயிறு ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது.

அண்ணாவியார் திரையை விலக்கி முதலில் என்னைத்தான் கேட்டார். உனக்குத் தெரியாமல் இராது, என்ன நடக்கிறது என்றார். அவருக்குப் பின்னால் சம்மாட்டியாரும் விதானையாரும் நின்றார்கள். வவுனியாவில் இந்தக் கிளாக்கர் வேலைக்கு நான் மனுப் போட்டிருந்த நேரம் அது. விதானையாரின் நற்சாட்சிப் பத்திரம் இல்லாமல் அந்த வேலை இல்லை.

"எனக்கு ஒண்டும் தெரியாது" என்றேன். "அவரைக் கேளுங்கோ."

இரண்டு முழத்துக்கு அப்பால் அவர் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தார். பிறகு கண்ணைத் திறந்தார். பாயில் கிடந்தபடியே சொன்னார்: "நான்தான் அனுப்பினனான். வேற ஒருத்தருக்கும் தெரியாது."

காணி விஷயம்தான் என்று சம்மாட்டியாருக்கு உடனே விளங்கிவிட்டது, அவர் லேசில் விடுகிறவரில்லை. எழுதத் தெரியாத உனக்கு யார் மனு எழுதித் தந்தது என்று கேட்டார். கச்சேரி வாசலில் இருக்கும் ஒரு பெற்றிசக்காரர் எழுதினார், பெயர் தெரியாது என்றார் சவிரிமுத்து. திருவிழா நாளில், கோயில் முற்றத்தில், ஆதாம் வேஷத்தோடு, எனக்காக அந்த மனிதர் பொய் சொன்னார். நான் ஏவாளின் சேலையோடு அதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

திரேசம்மாவைக் கூட்டிவர வண்டி அனுப்பினார்கள். தண்ணீரூற்று வரை போக வேண்டியிருக்கவில்லை. அவர் பாதி வழியில் தானாகவே திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தாராம், கையில் பூச்சரம். நானாவின் வீட்டில் பிள்ளைகளை இறக்கும்போதுதான் அவருக்குப் பூ நினைவு வந்திருக்கிறது. ஓடிப்போய் அதைச் சூட்டிவிட்டால் ஒருவருக்கும் சந்தேகம் வராது, புருஷன் தப்பிவிடுவார் என்று எண்ணி ஓடி வந்திருக்கிறார். வந்து என் தலையில் பூவை வைத்தார். அந்தத் தடவை கிள்ளவில்லை.

கூத்தை நிறுத்தக் கூடாது, நேர்த்தி முடிய வேண்டும் என்று அண்ணாவியார் சொல்லிவிட்டார். ஆகவே மீதியையும் ஆடினோம். ஆண்டவர் கேட்கும்போது ஆதாம் ஏவாள்மேல் பழி போடும் பாட்டு வந்தது. அவர் அதைத் தாளம் தப்பாமல் பாடினார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. பொழுது பட்டு பெற்றோமாக்ஸ் விளக்குக் கொளுத்திய பிறகு சம்மனசானவர் வாளோடு வந்து எங்களைத் துரத்தினார். தூரத்தில் கடைசி பஸ்ஸின் சத்தம் எப்போதோ அடங்கியிருந்தது. ஓலை வாசலுக்கு அங்கால் நாலு ஆம்பிளைகள் நின்றார்கள். மண்வெட்டியோடு வெளியே வந்தவரை இரண்டு பக்கமும் பிடித்துக் கோயிலைச் சுற்றிக் கூட்டிவந்து மங்களத்துக்கு நிறுத்தினார்கள். யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. ஒருவர் அவருக்குத் தேத்தண்ணீரும் கொடுத்தார்.

மறுநாள் அந்தக் காணி வேறு யாருக்கோ போயிற்று. இரண்டு மாதத்தில் விதானையார் எனக்கு நற்சாட்சிப் பத்திரம் தந்தார். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வவுனியாவுக்கு வந்துவிட்டேன். ஏவாளுக்கு இன்னொருவனைப் பிடித்தார்கள். ஏவாள் மாறலாம், அதற்கு நேர்த்தி கிடையாது.

அதற்குப் பிறகு பத்துத் திருவிழா வந்துபோயின. நான் ஒன்றுக்கும் போகவில்லை. லீவு இல்லை என்று சொல்லிக்கொண்டேன். ஒரு கலியாணத்துக்குப் போனபோது மட்டும் அவரைக் கரையில் கண்டேன். மேலில் சேட்டு இல்லாமல் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பசை இழுத்து இழுத்துத் தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம் வெளுத்துப் போயிருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் கிட்டப் போனேன். அவர் அதற்கு இடம் வைக்கவில்லை. வவுனியாவில் மழை எப்படி, குளங்கள் நிறைந்ததா, பெரும்போகம் எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எனக்கு வயலைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்தது போலச் சொன்னேன். அவர் வலையை மடியில் வைத்தபடி முழுவதையும் கேட்டார்.

அடக்கத்துக்கு நெடுங்கேணி வழியாகத்தான் போனேன். குளத்தின் கீழ் நெல் பச்சையாக நின்றது. எது அவருடைய துண்டாக இருந்திருக்கும் என்று பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டே போனேன். எப்படித் தெரியும்?

செத்தவீட்டில் திரேசம்மா என்னைக் கண்டதும் குசினிப் பக்கம் வரச் சொன்னார். அழுது ஓய்ந்த முகம். சுற்றி வளைக்காமல் சொன்னார்: "அண்டைக்கு இரவு நான் அவரைக் கேட்டனான் தம்பி, ஏன் மனு எழுதின உங்கட பேரைச் சொல்லேல்லை எண்டு. ஏவாளைக் காட்டிக் குடுக்கிற ஆதாமை வருஷா வருஷம் ஆடுறன், அது கூத்து, வெளியிலயும் அதையே ஆடவோ எண்டு கேட்டவர்." மற்றதையும் சொன்னார். "எங்களில ஒருத்தனாவது வெளியால போகட்டும் எண்டவர்."

என்னுடைய கோழைத்தனத்தால் கிடைத்தது என்று இத்தனை வருஷம் நான் எண்ணியிருந்த உத்தியோகம், அவர் பாயில் கிடந்தபடி எனக்கு விட்டுக்கொடுத்த வழி. அந்த நற்சாட்சிப் பத்திரத்துக்கு நான் காத்திருந்தது அவருக்குத் தெரியும். வேலைக்குப் போட்ட மனுவின் பிரதியை அவருக்கு வாசித்துக் காட்டியவனே நான்தான்.

பின்னேரம் குழிக்குள் ஆளுக்கொரு பிடி மணல் போட்டோம். அது எங்கள் கடற்கரை மணல், கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. மணி கேட்கும் தூரத்துக்குள்தான் அவரை வைத்திருக்கிறோம். அண்ணாவியார் மிகவும் தளர்ந்துபோய் ஒரு பேரனின் தோளைப் பிடித்தபடி நின்றார். வருகிற வருஷம் யார் ஆதாம் என்று அங்கேயே இரண்டு பேர் மெல்லக் கதைத்துக்கொண்டது என் காதில் விழுந்தது.

சவிரிமுத்துவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பொருளும் இல்லை. "வேற ஒருத்தருக்கும் தெரியாது" என்ற அந்த ஒரு பேச்சுத்தான் இருக்கிறது. அதற்குள் இருந்துகொண்டுதான் இத்தனை வருஷம் சம்பளம் எடுத்தேன், கலியாணம் முடித்தேன், வீடு கட்டினேன். அன்று களரியில் என்னைக் கேட்ட கேள்விக்கு இன்றுதான் பதில் சொல்கிறேன். எனக்குத் தெரியும். அந்தக் காணி மனுவை எழுதியவன் நான்.